எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு டிபி, நிமோனியா வந்தா? நம்பிக்கை மையத்து பெஞ்சில் கேட்ட கேள்விகள்

ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் ஒரு நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து ஆலோசனை சொல்லும் அரசு மையத்தில், பதினோரு வருஷம் ஆலோசகராக இருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் ஜனங்கள் வாய் திறப்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி.யே ஒரு கிருமிதானக்கா? இதுல பாக்டீரியா எங்கேந்து வந்துச்சு?

எச்.ஐ.வி. ஒரு வைரஸ். அதனால் தனியாக வாழ முடியாது, நம் ரத்தத்தில் இருக்கும் சிடி4 செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். பாக்டீரியா அப்படி இல்லை, அது தானே ஒரு முழு உயிர். டிபி, நிமோனியாவில் பெரும்பகுதி, டைபாய்டு, மேகநோய் (சிபிலிஸ்) எல்லாம் பாக்டீரியா வேலை. எச்.ஐ.வி. வைரஸுக்குக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.), பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

எச்.ஐ.வி. நேரடியாக ஆளைச் சாய்ப்பது குறைவு. காவலுக்கு நிற்கும் சிடி4 செல்களை அது காலி செய்ய, திறந்த கதவு வழியாக மற்ற கிருமிகள் வருகின்றன. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது நம்ம ஊரில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். நடுவில் போன அந்த 18 வருஷத்தில் இறந்தவர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது டிபி.

அப்போ எச்.ஐ.வி. இருந்தா டிபி கண்டிப்பா வந்துடுமா?

கண்டிப்பாக வராது. ஆனால் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் நிறைய பேர் உடம்பில் டிபி கிருமி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது வாழ்நாள் முழுவதும் சேர்த்தே 100க்கு 5 முதல் 10 பேரிடம்தான் நோயாக மாறும். எச்.ஐ.வி. இருந்து, மருந்தும் எடுக்காதவர்களில் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய அந்த 10 பேர் விழுந்துவிடுகிறார்கள். கூட்டு மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் இந்த ஆபத்து பெரிய அளவில் குறையும். குறையுமே தவிர, பூஜ்யம் ஆகாது.

டிபி வந்தா எச்.ஐ.வி. ஏறிடும்ன்றாங்களே, அது எப்டி? ரெண்டும் வேற வேற நோயாச்சே?

என்னிடம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கேட்டவர் மீன் ஏலம் எடுப்பவர், ஆறாவது வரை படித்தவர்.

தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு எப்படி இருக்கும் என்று வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கூட்டம் சேரச் சேர போலீஸைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இப்போது ஒரு திருடன், அவன் ஜனங்களிடம் திருடாமல் போலீஸிடம் மட்டுமே திருடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் அதிகமாக அதிகமாக அவனுக்குத்தான் கொண்டாட்டம். டிபி கிருமி நுரையீரலில் கலாட்டா செய்தால் உடம்பு சிடி4 செல்களைத் தட்டி எழுப்பி அங்கே அனுப்பும். எச்.ஐ.வி.க்குத் தூங்குகிற செல்லில் நுழைவது கஷ்டம், விழித்த செல்லில் நுழைவது சுலபம். ஏற்கெனவே உள்ளே போய்ச் சும்மா கிடந்த வைரஸும், செல் விழித்ததும் சேர்ந்து விழித்துப் பிரதி எடுக்க ஆரம்பிக்கும். வீக்கம் வரும்போது உடம்பு சுரக்கும் சில ரசாயனங்கள், வைரஸின் அந்த ஸ்விட்சையே நேராகப் போட்டுவிடுகின்றன.

இது வெறும் கணக்கு இல்லை. 1990களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். டிபி தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் வைரஸ் பல மடங்கு கூடியிருந்தது. ஒரே ஆளின் நுரையீரலில் டிபி பிடித்த பகுதியில் வைரஸ் அதிகமாகவும், பிடிக்காத பகுதியில் குறைவாகவும் இருந்தது. வைரஸ் கூடினால் சிடி4 இறங்கும், சிடி4 இறங்கினால் டிபி இன்னும் பரவும். இந்தச் சுற்றை எச்.ஐ.வி. பக்கமும் டிபி பக்கமும் சேர்த்து அறுக்க வேண்டும். டிபி மருந்து மட்டும் போதாது.

எனக்கு இருமலு எல்லாருக்கும் இருக்கிற இருமலுதான். மணலி புகை, எண்ணூர் தூசி. இதுக்குப் போய் டெஸ்ட்டா?

புகையும் தூசியும் பொய் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டு எடுத்தால் கை கறுக்கும் ஊர் இது. அதனால்தான் இங்கே டிபி தாமதமாகப் பிடிபடுகிறது. எல்லாப் பழியையும் புகை மேல் போட்டுவிடுகிறோம்.

மற்றவர்களுக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளி டெஸ்ட். எச்.ஐ.வி. இருந்தால் அந்தக் கணக்கு கிடையாது. ஒரு நாள் இருமல் என்றாலும் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி தலையணை நனைகிற அளவு வேர்ப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போதும் இந்த நாலையும் கேட்பார்கள். அவசரத்தில் “ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

சளி டெஸ்ட்ல டிபி இல்லன்னு வந்துடுச்சு. எக்ஸ்ரேவும் சுத்தம். அப்புறமும் ஏன் வுட மாட்டேன்றாங்க?

சிடி4 குறைந்தவர்களிடம் டிபி முகம் மாறி வரும். நுரையீரலில் பொந்து விழுவதே உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதால்தான். சண்டை போட ஆள் இல்லையென்றால் பொந்தும் இருக்காது, சளியில் கிருமியும் கொஞ்சமாகத்தான் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் உண்டு. அதனால்தான் சிபிநாட், ட்ரூநாட் போன்ற டெஸ்ட் செய்கிறார்கள். கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்ட் அவை. டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ரொம்ப முடியாமல் இருப்பவர்களுக்குச் சிறுநீரிலேயே பார்க்கும் டெஸ்ட்டும் உண்டு.

நுரையீரலை விட்டு வெளியே வருவதும் சகஜம். கழுத்துக் கட்டி, வயிறு, மூளை உறை, முதுகெலும்பு எங்கேயும் வரும். இருமலே இல்லாத டிபியை நான் வாரா வாரம் பார்த்தேன்.

மெடிக்கல்ல சொன்னா மாத்திரை குடுக்கிறாரு. மூணு நாள்ல காய்ச்சல் நின்னுடுது. அது தப்பா?

தப்பு. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து பெரிய தப்பாகவும் ஆகும். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கு டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கிற குணம் உண்டு. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், ஆளுக்கும் சந்தோஷம். கிருமி சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்தால் சிக்காது. மாசக் கணக்கில் தள்ளிப்போய், மருந்துக்கு அடங்காத டிபியாக வந்து நிற்கும். இதற்குள் மேலே சொன்ன எம்.சி. ரோடு கதை உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

என் வீட்டிலேயே நடந்தது இது. என் பெரியம்மா மகன் தெருமுனைக் கடையில் வாங்கி வாங்கியே நாலு மாசம் ஓட்டினான். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஓ.பி.யில் ஒரு நாள் நின்றால் அவனுக்கு அன்றைய கூலி போய்விடும்.

டிபி தவிர வேற இன்னா பாக்டீரியாவுக்குப் பயப்படணும்?

முதலில் நிமோனியா. நியுமோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் அதிகம் கொண்டுவரும். சிடி4 நன்றாக இருக்கும்போதே வரலாம், அதுதான் இதில் சங்கடம். டிபி வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். இது இரண்டே நாளில் குளிர் நடுக்கம், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல், துரு நிறத்தில் சளி என்று வந்து நிற்கும். ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தால் அதை எய்ட்ஸ் கட்டத்தின் அடையாளமாகவே அமெரிக்காவில் 1993இல் பட்டியலில் சேர்த்தார்கள். பீடி சிகரெட் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வைரஸ் முழுக்க அடங்கியிருந்தாலும் கூடும்.

அடுத்தது சால்மோனெல்லா. மற்றவர்களுக்கு இரண்டு நாள் பேதியோடு போவது, சிடி4 இறங்கியவர்களுக்கு ரத்தத்தில் ஏறி, குணமாகி, திரும்பத் திரும்ப வரும். சிடி4 எண்ணிக்கை (ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இத்தனை என்று எண்ணுவது) 50க்கும் கீழே போனவர்களுக்கு டிபியின் உறவுக்காரக் கிருமி ஒன்று உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. நல்ல உடம்பை எதுவும் செய்யாது, இவர்களை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடும்.

மாசத்துல பத்து நாள் வயித்தால போவுது. அதுக்கும் எச்.ஐ.வி.க்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உடம்பிலேயே சிடி4 செல் அதிகமாகக் குடியிருக்கும் இடம் குடல் சுவர். எச்.ஐ.வி. வந்த முதல் சில வாரத்திலேயே அங்கேதான் பெரிய அழிவு நடக்கும். காவல் போனால் சுவரில் ஓட்டை. குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாவின் துணுக்குகள் அந்த ஓட்டை வழியாக ரத்தத்தில் கசியும். வெளியிலிருந்து எந்த நோயும் வராமலே உடம்பு எப்போதும் சண்டைக் கோலத்தில் இருக்கும். கூட்டம் கலையாத எம்.சி. ரோடு மாதிரி. கூட்டு மருந்து இந்தக் கசிவைக் குறைக்கும், முழுக்க அடைக்காது.

பேதியை வாய்வு, சூடு என்று விடாமல் டெஸ்ட் எடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணியோ லாரித் தண்ணியோ, கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். மழை வெள்ளம் புகுந்த வாரங்களில் கட்டாயம்.

அக்கா, இது வெக்கமான விஷயம். எனக்கு மேகநோய் இருக்குதுன்னு ரத்தத்துல வந்துச்சு. புண்ணு ஆறிடுச்சு, வுட்டுடலாமா?

விடாதீர்கள். புண் தானாகத்தான் ஆறும். கிருமி ஆறாது, உள்ளே போய்விடும். சிபிலிஸ் இருக்கும்போது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, ஏறி சிடி4 இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். பென்சிலின் போட்டதும் இரண்டும் பழையபடி திரும்புகின்றன. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே மூளைக்கும் கண்ணுக்கும் போகக்கூடும். திடீரென்று பார்வை மங்கினால், காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புதிதாக வந்தது என்றால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தீன் பென்சிலின் ஒரு தடவை, நாளானது என்றால் வாரம் ஒன்றாக மூன்று தடவை. இடுப்பில் போடும் ஊசி, வலிக்கும். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தால் அலர்ஜி என்று பயந்துவிடாதீர்கள். கிருமி கும்பலாகச் சாகும்போது அப்படி அடித்து, ஒரு நாளில் அடங்கும். உடம்பு தடித்து அரித்தாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு, உடனே போக வேண்டும். கூட இருப்பவருக்கும் டெஸ்ட் எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

ரெண்டு நோயும் இருக்குதுன்னா ரெண்டு மாத்திரையும் இன்னிக்கே குடுக்க வேண்டியதுதான? ஏன் டிபி மாத்திரை மட்டும் முதல்ல?

முதலில் டிபி மாத்திரையை உடம்பு தாங்குகிறதா என்று பார்த்து, கிருமியின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதன் பின் கூட்டு மருந்து. பொதுவாக 2 வாரத்திலிருந்து 8 வாரத்துக்குள். சிடி4 50க்குக் கீழே இருந்தால் இரண்டு வாரத்தைத் தாண்டவிட மாட்டார்கள். மூளையில் டிபி என்றால் மட்டும் கொஞ்சம் நிதானம். அவசரப்பட்டால் மூளை வீங்கும்.

டிபி மாத்திரை ஆரம்பித்ததும் ஒன்றுக்கு ஆரஞ்சு கலரில் போகும். வியர்வைகூட ஜாக்கெட்டில் கறை விடும். காசிமேட்டு அம்மா ஒருவர் ரத்தம் போகிறது என்று பயந்து மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்து வந்து என் மேஜை மேல் வைத்தார். அது ரிஃபாம்பிசினின் சாயம்தான்.

எல்லாருக்கும் கூட்டு மருந்து காலைல ஒண்ணுதான். எனக்கு மட்டும் ராத்திரிக்கும் இன்னொண்ணு ஏன்?

அந்தச் சாயக்கார ரிஃபாம்பிசின்தான் காரணம். கூட்டு மருந்தில் இருக்கும் டொலுட்டெக்ராவிரை உடம்பு சீக்கிரம் கரைத்து வெளியேற்றும்படி அது செய்துவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று. டிபி மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை இதைத் தொடர வேண்டும். இன்னொன்று: கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரே வாயில் போடாதீர்கள். அவை டொலுட்டெக்ராவிரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இடைவெளி என்று மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள்.

கூட்டு மருந்து சாப்ட ஆரம்பிச்ச பின்னாடிதான் கட்டி பெருசாச்சு. மருந்துதான் கெடுக்குதுன்னு எங்க மாமியா சொல்றாங்க.

பூ கட்டும் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. கூட்டு மருந்து ஆரம்பித்த மூன்றாம் வாரம் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது, காய்ச்சல் வேறு. மாத்திரை டப்பாவைக் கூவத்தில் வீசப் போகிறேன் என்று வந்தாள். மாமியார் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தவறு. இத்தனை நாள் காவல் இல்லாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று ஆள் பலம் கிடைத்திருக்கிறது. பழைய பாக்கியை எல்லாம் ஒரே நாளில் தீர்க்கப் பார்க்கிறது. அந்த அடிதடியில்தான் வீக்கம். வெளியே தெரியாமல் இருந்த டிபி இப்படித்தான் சிலருக்கு முதன்முதலாகவே தலைகாட்டும்.

பெரும்பாலும் இரண்டு மருந்தையும் நிறுத்தாமலே சமாளிப்பார்கள். தேவைப்பட்டால் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா என்பதையும் பார்க்க வேண்டும், அதனால் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். அந்தப் பெண் கட்டியே இல்லாத கழுத்தோடு எனக்குக் கனகாம்பரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிபியே இல்லன்னு சொல்லிட்டு டிபி மாத்திரை ஏன் தராங்க? கூடவே செப்ட்ரானும்?

முதலாவது, தூங்கும் கிருமியைத் தூக்கத்திலேயே தீர்க்க. ஐசோனியசிட் தினமும் 6 மாசம், அல்லது வாரம் ஒரு முறை என்று 12 வாரம் இரண்டு மருந்து. கை கால் மதமதப்பு வராமல் இருக்க பி6 சேர்த்துத் தருவார்கள். நோய் இல்லை என்று உறுதிசெய்த பின்தான் இதைத் தர வேண்டும். விழித்திருக்கும் டிபிக்கு ஒற்றை மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அதனால்தான் அந்த நாலு கேள்விக்கும் உண்மையைச் சொல்லச் சொன்னேன்.

செப்ட்ரான் என்ற ஆன்டிபயாடிக் முக்கியமாக ஒரு பூஞ்சை நிமோனியாவுக்காக. போகிற போக்கில் சில பாக்டீரியா நிமோனியா, பேதியையும் தடுக்கும். சிடி4 350க்குக் கீழே இருந்தால் தருவார்கள். ஏறியதும் நிறுத்துவது டாக்டர் வேலை. தோலில் கொப்புளம், வாய்ப் புண் வந்தால் மட்டும் அடுத்த மாத்திரை போடாமல் உடனே போங்கள்.

ஒண்டுக் குடித்தனம், ஒரே ரூமு, நாலு பேரு. டிபின்னா நான் வெளிய போயிடணுமா?

வேண்டாம். இதற்குப் பதில் சொன்ன ஊரே நம்ம ஊர். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய டிபி ஆராய்ச்சி மையத்தில், மெட்ராஸின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் நெருக்கடி வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. டிபிக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பது என்று உலகம் மாறியது அதற்குப் பிறகுதான்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது துணியால் மூடுங்கள். வீட்டில் எல்லாருக்கும், முதலில் குழந்தைகளுக்கு, டெஸ்ட் எடுத்து மேலே சொன்ன தடுப்பு மாத்திரை கேளுங்கள். டிபி சிகிச்சையில் இருக்கும் வரை சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்னால் அது 500. வராவிட்டால் டிபி யூனிட்டில் கணக்கு நம்பரைச் சரிபாருங்கள்.

டிபின்னு சொன்னாலே அதுவும் இருக்குமோன்னு தெருவுல பேசுவாங்களே?

பேசுவார்கள். டிபி வந்த எல்லாருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுப்பது இப்போது வழக்கம், அதனால் டெஸ்ட்டுக்குப் போனதில் எந்த அர்த்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சை மறுக்கவும் கூடாது. 2017இல் சட்டம் போட்டு 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1097க்கு இலவசமாகப் போன் செய்து பேரைச் சொல்லாமலே கேட்கலாம்.

வைரல் லோடு தெரியலன்னு வந்துடுச்சு. உடம்பும் நல்லாகீது. கொஞ்ச நாள் கேப் வுடலாமா?

இதை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 5,000 பேருக்கு மேல், சிடி4 நன்றாக இருக்கும்போது ஒரு பாதிப் பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு. நிறுத்தியவர்களிடம் நோயும் சாவும் இரண்டரை மடங்கு ஆனதால் 2006இல் முடிவை வெளியிட்டு, நிறுத்தும் யோசனையையே கைவிட்டார்கள். பாக்டீரியா நிமோனியாவும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. தெரியவில்லை என்றால் வைரஸ் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம், போய்விட்டது என்று இல்லை.

போட்ல போனா பத்து நாள் கடல்லதான். மாத்திரைக்கு இன்னா பண்றது?

நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாசம் வரைக்கும்கூட ஒரே தடவையில் மாத்திரை தருவார்கள். தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். கரையில் இறங்கும் நாள் தள்ளிப்போகலாம், பத்து நாளுக்குப் பதினைந்து நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். டிபி மருந்தும் ஓடினால் ராத்திரி மாத்திரையையும் அதே கணக்கில் எடுங்கள். இறுக மூடும் டப்பாவில் போட்டு இன்ஜின் சூடு படாத இடத்தில் வையுங்கள், ஐஸ் பெட்டியிலும் வேண்டாம். டிபிக்குச் சிகிச்சை ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகிறது என்றால் அந்த டிரிப்பை விட்டுவிடுங்கள். கேபினுக்குள் எட்டு பேர் தலையோடு தலை படுப்பீர்கள், அங்கே திறக்க ஜன்னல் கிடையாது.